மண்ணற்றோரின் மண்வாசனை: மலையகப் புனைகதைகள் சிலவற்றை முன்வைத்து ஒரு நோக்கு

1

ஈழத்துத் தமிழ்த் திறனாய்வில் ‘மண்வாசனை’ என்னும் சொல் நெடுங்காலமாக வழங்கிவருகின்றது. 1954 ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பட்ட இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம், ஐம்பதுகளின் பிற்பகுதியிலும் அறுபதுகளின் முற்பகுதியிலும் தேசிய இலக்கியம் பற்றிய கருத்தை முன்வைத்தபோது, அக்கருத்தோடு பிணைந்து எழுந்த சொல் இது. தமிழகத்துச் சஞ்சிகைக் கதைகளைப் பார்த்து எழுதும் பழக்கத்தை விடுத்து, இந்நாட்டு மக்களின் வாழ்வை, அவர்தம் பேச்சுமொழியில், அவர்தம் நிலப்பின்னணியில் எழுதுதல் வேண்டும் என்ற கோரிக்கையின் சுருக்கக் குறியீடாக அது பயன்பட்டது. அக்கோரிக்கையின் வரலாற்று நியாயத்தை இன்று எவரும் மறுப்பதற்கில்லை.

ஆயினும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கின்றது. மண்வாசனை என்னும்போது நாம் எந்த மண்ணைக் கருதுகிறோம்? யாருடைய மண்ணைக் கருதுகிறோம்? யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரனுக்கும், மட்டக்களப்பு வயற்காரனுக்கும், வன்னிக் கமக்காரனுக்கும் சிறிதோ பெரிதோ தனதென்று சொல்ல ஒரு துண்டுக் காணி உண்டு. இல்லாதவனுக்கும் அஃது எட்டக்கூடிய ஆசையாக அண்மையில் உண்டு. அவர்களைப் பற்றிய எழுத்தில் மண் என்பது உடைமையாகவும், வழியுரிமையாகவும், பிணக்காகவும், சீதனமாகவும் இடம்பெறுகின்றது. ஆனால், ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக இம்மண்ணைக் கொத்திச் செழிப்பித்தும் அதில் ஒரு சாண் நிலத்தையேனும் சட்டப்படி தனதாக்கிக்கொள்ள முடியாதிருந்த மலையகத் தோட்டத் தொழிலாளியின் இலக்கியத்துக்கும் இதே அளவுகோலை நாம் எவ்வாறு பிரயோகிக்கலாம்?

பேராதனை வளாகத்திலிருந்து அந்தானை மலைச்சரிவை நோக்கும் எவருக்கும் தேயிலையின் பசுமை தெரியும். அப்பசுமைக்குள் இருக்கும் லயங்கள் எளிதில் தெரிவதில்லை. நமது திறனாய்வின் நிலையும் ஏறக்குறைய இதுவே. மலையகப் படைப்புகளை ‘மண்வாசனை மிக்கவை’ என்று பாராட்டிவிட்டு அப்பாற் செல்லும் மதிப்புரைகள் பல. அப்பாராட்டில் ஒரு முரண்பாடு மறைந்து கிடக்கின்றது என்பதையும், அம்முரண்பாட்டை மறைக்காது வெளிக்கொணர்ந்தமையே சிறந்த மலையகப் படைப்புகளின் பெருமை என்பதையும் எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

இலக்கியத்தைப் பேசுமுன் அதன் அடித்தளத்தைச் சுருக்கமாகவேனும் நோக்குதல் வேண்டும். 1820களில் கோப்பிப் பயிர்ச்செய்கையோடு தொடங்கிய பெருந்தோட்டப் பொருளாதாரத்துக்கு இரண்டு பொருள்கள் தேவைப்பட்டன: ஒன்று நிலம், மற்றது உழைப்பு. நிலத்தை 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் வழங்கிற்று. எழுத்துறுதி காட்டமுடியாத காணிகள் முடிக்குரியனவாகக் கருதப்பட்டன. கண்டிச் சிங்களக் கிராமத்தவரின் சேனை நிலங்களும் மேய்ச்சற் காடுகளும் துரைமாரின் கைக்கு மாறின. உழைப்பைத் தென்னிந்தியக் கிராமங்களின் பஞ்சமும் சாதியொடுக்குமுறையும் கடனும் வழங்கின. கங்காணி என்னும் இடைத்தரகன் அவ்வுழைப்பைத் திரட்டிக் காட்டுவழியே நடத்திவந்தான். 1869 ஆம் ஆண்டிற் பரவத் தொடங்கிய இலைநோய் கோப்பியை அழிக்க, 1867 இல் லூல்கந்துரவிற் சிறிதாகத் தொடங்கப்பட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. கோப்பிக் காலத்திற் பருவத்துக்கு வந்து போனவர்கள், ஆண்டு முழுவதும் கொழுந்து தரும் தேயிலையோடு நிரந்தரக் குடிகளாயினர்.

இவ்விடத்து ஓர் உண்மை மனங்கொள்ளத்தக்கது. கண்டிக் கிராமத்தவன் நிலத்தை இழந்தமையும், தமிழ்த் தொழிலாளி நிலமற்றவனாகவே கொண்டுவந்து குடியேற்றப்பட்டமையும் ஒரே மூலதனத்தின் இரு செயல்கள். பின்வந்த அரசியல், இவ்விரு சாராரையும் எதிரெதிரே நிறுத்துவதிற் பெருவெற்றி கண்டது.

1947 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலிலே தோட்டத் தொழிலாளர் இலங்கை இந்தியக் காங்கிரஸின் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியதோடு, வேறு தொகுதிகளில் இடதுசாரிகளின் வெற்றிக்கும் துணைநின்றனர். ஆளும் வர்க்கம் இதனைப் பொறுத்துக்கொள்ளவில்லை. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம், அதே ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டம் ஆகிய மூன்றும் அடுத்தடுத்து வந்தன. தந்தையோ பாட்டனோ இந்நாட்டிற் பிறந்தமைக்குச் சான்று கேட்கப்பட்டது. எழுத்தறிவு மறுக்கப்பட்டவரிடம் எழுத்துச் சான்று கேட்கப்பட்டது. 1964 ஒக்டோபர் 30 ஆந் திகதி கைச்சாத்திடப்பட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை எடுத்துக்கொண்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் தீர்மானிக்கப்படுவர் எனக் கணக்குத் தீர்த்தது. 1974 இல் அந்த எச்சமும் இரண்டாகப் பகுக்கப்பட்டது. பங்கிடப்பட்டவர்களிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை.

வடபுலத் தமிழ்த் தலைமையின் ஒரு பகுதி 1949 இல் அரசாங்கத்தோடு நின்றதும், அக்கேள்வியை முன்னிட்டு மற்றொரு பகுதி பிரிந்து தமிழரசுக் கட்சியாக உருவானதும் யாவரும் அறிந்தவை. ஆனால், முற்போக்காளராகிய நாம் நினைவுகூரத் தயங்கும் செய்தி வேறொன்று. 1948 இல் அச்சட்டத்தைக் கடுமையாக எதிர்த்த இடதுசாரிகளில் ஒரு சாரார், 1964 இல் ஒப்பந்தம் கைச்சாத்தானபோது அரசாங்கத்தின் பங்காளிகளாய் இருந்தனர். இதனை மறைத்து மலையக இலக்கியத்தைப் பேசுவது நேர்மையாகாது. ஏனெனில், அவ்விலக்கியத்தின் உள்ளே கேட்கும் கசப்பிற் சிறிதளவு நம்மை நோக்கியது.

3

மலையக எழுத்தின் தொடக்கம் பிரசாரத்திலும் பாட்டிலும் உள்ளது. தஞ்சையிலிருந்து வந்து பத்திரிகையாளராகவும் தொழிற்சங்கவாதியாகவும் விளங்கிய கோ. நடேசய்யர் 1937 இல் ‘தொழிலாளர் அந்தரப் பிழைப்பு நாடகம்’ எழுதினார். அவர் துணைவியார் மீனாட்சியம்மையார் மேடைகளிலே தாமே பாடித் தொழிலாளரைத் திரட்டினார். இவற்றைக் கலைநயங் குறைந்தனவென ஒதுக்குவோர், எழுத்தறியாத மக்களிடம் செய்தியைக் கொண்டுசேர்க்கும் வடிவம் எதுவாக இருத்தல் கூடும் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. தாலாட்டு, ஒப்பாரி, கும்மி, காமன் கூத்து ஆகியவற்றிற் பழகிய செவிகளுக்குப் பாட்டே பத்திரிகை. சி. வி. வேலுப்பிள்ளை பின்னாளில் மலைநாட்டு மக்கள் பாடல்களைத் திரட்டியமை, இம்மரபின் பெறுமதியை உணர்ந்த செயலாகும்.

நாவல் வடிவம் அறுபதுகளிலேயே வலுப்பெற்றது. 1964 ஆம் ஆண்டு கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ வெளிவந்தது. ஒப்பந்தம் வந்த ஆண்டிலேயே, தமிழகக் கிராமத்திலிருந்து இலங்கைத் தோட்டத்துக்கு வந்துசேரும் மக்களின் கதையும் வந்தது தற்செயலாயினும் பொருள்பொதிந்தது. நந்தியின் ‘மலைக்கொழுந்து’, பெனடிக்ற் பாலனின் ‘சொந்தக்காரன்’ (1968), தெளிவத்தை ஜோசப்பின் ‘காலங்கள் சாவதில்லை’ (1974), தி. ஞானசேகரனின் ‘குருதிமலை’ (1979), சி. வி. வேலுப்பிள்ளையின் ‘வீடற்றவன்’ (1981), புலோலியூர் க. சதாசிவத்தின் ‘மூட்டத்தினுள்ளே’ (1983) என்பன தொடர்ந்தன.

இந்நூல்களின் பெயர்களை மட்டும் நிரைப்படுத்திப் பார்ப்பினும் ஒரு வரலாறு புலனாகும். முதலில் ‘பச்சை’, அடுத்துக் ‘கொழுந்து’: அஃதாவது, கண்ணுக்குத் தெரியும் நிலமும் அதன் விளைபொருளும். பின்னர் ‘சொந்தக்காரன்’: அந்நிலமும் பொருளும் யாருடையவை என்னும் வினா. அதன் பின் குருதி, வீடின்மை, மூட்டம். சி. வி.யின் மற்றொரு நூலின் பெயர் ‘நாடற்றவர் கதை’. தெளிவத்தை ஜோசப்பின் சிறுகதைத் தொகுதியின் பெயரோ, பாரதியை நினைவூட்டும் ‘நாமிருக்கும் நாடே’. இருக்கும் நாட்டை நமதென உரிமை கோரும் பெயரும், நாடற்றவர் எனத் தம்மையே அழைத்துக்கொள்ளும் பெயரும் ஒரே மக்களிடையிருந்து, சில ஆண்டு இடைவெளியில் எழுகின்றன. காட்சியிலிருந்து உடைமைக்கும், உடைமையிலிருந்து உரிமை மறுப்புக்கும் நகரும் இந்தப் பாதை, மண்வாசனை என்னும் ஒற்றைச் சொல்லுக்குள் அடங்குவதன்று.

4

மலையக எழுத்தாளருள் வெளியிலிருந்து சென்றோரும் உள்ளிருந்து எழுந்தோரும் உளர். நந்தியும் ஞானசேகரனும் வைத்தியர்கள்; தொழில் நிமித்தம் மலையகத்தை அறிந்தவர்கள். பெனடிக்ற் பாலன் வடபுலத்தவர். சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்தில் வளர்ந்து, 1947 இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராகி, தொழிற்சங்கவாதியாக வாழ்ந்தவர். என். எஸ். எம். இராமையாவும் தெளிவத்தை ஜோசப்பும் மலையகத்தின் மைந்தர்கள். வெளியார் எழுதியவை போலி, உள்ளார் எழுதியவையே மெய் என்று கூறுவது இயந்திரப் பாங்கான முடிவாகும். நோக்க வேண்டியது எழுத்தாளன் பிறந்த ஊரையன்று; கதை எந்த இடத்தில் நின்று சொல்லப்படுகின்றது என்பதையே.

இதற்கு ஒரு சொல்லையே சான்றாகக் கொள்ளலாம். வெளியிலிருந்து நோக்குபவனுக்கு ‘மலை’ என்பது இயற்கைக் காட்சி. மூடுபனியும் அருவியும் பசுமையும் நிறைந்தது. தோட்டத் தொழிலாளியின் வழக்கிலோ ‘மலை’ என்பது வேலைத்தலம். இலக்கமிடப்பட்ட தேயிலைப் பரப்பு. இன்று எந்த மலையிற் கொழுந்து என்பது பெரட்டுக்களத்திலே தீர்மானிக்கப்படும். ஒரே சொல் ஒருவனுக்கு அழகாகவும் மற்றவனுக்கு உழைப்பாகவும் பொருள்படுகின்றது. ஒரு படைப்பு இவ்விரு பொருள்களுள் எதனைச் சார்ந்து நிற்கின்றது என்பதைக் கொண்டு அதன் பார்வைத்தளத்தை மதிப்பிடலாம். காட்சி வருணனையோடு தொடங்கிப் பக்கக்கணக்கிற் செல்லும் கதைகள் பல, மனிதருக்கு வரும்போது களைத்துவிடுகின்றன. இது நடைக்குறை மட்டுமன்று, பார்வைக் குறையுமாகும்.

இன்னுமொரு சொல், ‘பேர்’. தோட்ட வழக்கில் ஒரு நாட் கூலி ஒரு ‘பேர்’ எனப்படும். குறித்த நிறைக்குக் கொழுந்து எடுத்தாற் பேர் உண்டு, குறைந்தால் அரைப்பேர். மனிதனை மனிதனிலிருந்து வேறுபடுத்திக் காட்டும் பெயரே கூலியின் அலகாகத் தேய்ந்துபோன இவ்வழக்கைக் காட்டிலும் அந்நியமாதலுக்குச் சிறந்த எடுத்துக்காட்டை நூல்களிலே தேடவேண்டியதில்லை. பெரட்டு, கொந்தரப்பு, கைக்காசு, காம்பரா, பிள்ளைக்காம்பரா, கவ்வாத்து முதலாய சொற்களை வட்டார வழக்கு என்னும் தலைப்பின் கீழ் அரும்பதவிளக்கத்துக்கு அனுப்பிவிடுவது எளிது. அவை உண்மையில் உற்பத்தி உறவுகளின் பெயர்கள். அவற்றிற் பல பிறமொழியிலிருந்து வந்து தொழிலாளியின் நாவிலே தமிழாகியவை. அவற்றை ஆள்வோன் உச்சரித்த விதத்தைவிட ஆளப்பட்டவன் உச்சரித்த விதமே நிலைத்தது.

இவ்வகையில் இராமையாவின் ‘ஒரு கூடைக்கொழுந்து’ என்னும் சிறுகதை தனித்துக் குறிப்பிடத்தக்கது. 1961 இல் வெளிவந்த அக்கதையின் பெயரிலேயே 1980 இல் அவரது தொகுதியும் வெளிவந்தது. ஒரு பெண் எடுத்த கொழுந்தின் நிறை கதையின் மையமாகின்றது. கூடையின் நிறையோடு அதை எடுத்தவளின் மானமும் தராசில் ஏறுகின்றது. அங்கே பெரும் போராட்டம் எதுவும் இல்லை, சங்கக் கொடி இல்லை, முழக்கம் இல்லை. ஆயினும், தன் உழைப்பு தன்னுடையது என்று நிறுவ முற்படும் ஒரு தொழிலாளியின் தன்மான உணர்வு அங்கே உண்டு. உடைமை எதுவும் இல்லாதவளுக்குத் தன் உழைப்பின் மெய்ம்மையே உடைமை. மண் இல்லாத இடத்தில், மண்ணுக்கு உரிய இடத்தை உழைப்பு எடுத்துக்கொள்வதை இக்கதை அமைதியாகக் காட்டுகின்றது. மலையகப் படைப்பின் தனித்தன்மை இதுவே என்பது எமது கருத்து. வாசனை மண்ணினது அன்று. மண்ணிற் படிந்த உழைப்பினது.

5

உடைமையின்மை என்பது நிலமின்மையோடு முடிவதில்லை. தோட்டத்தில் வீடும் தொழிலாளியினது அன்று. பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவினதான லயக் காம்பரா வேலையோடு வருவது, வேலையோடு போவது. தொழிற்சங்க நடவடிக்கைக்கான தண்டனை வேலைநீக்கம் மட்டுமாக இருந்தாற் பிறதொழிலாளிக்கும் தோட்டத் தொழிலாளிக்கும் வேறுபாடில்லை. இங்கே வேலை போனால் அன்றே கூரையும் போகின்றது, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் போகின்றது, உறவு போகின்றது.

‘வீடற்றவன்’ நாவலின் ஆற்றல் இவ்வுறவைப் பிடித்துக்கொண்டதில் உள்ளது. சங்கம் அமைக்க முற்பட்டமையால் வேலையையும் அதனோடு காம்பராவையும் இழப்பவனின் அலைச்சலை அது சொல்கின்றது. வீடு கட்டாத வறியவன் ஒருவனின் கதையன்று அது. தன் வர்க்கத்துக்காக எழுந்து நின்றதன் விலையாக வீட்டை இழந்தவனின் கதை. ஆசிரியரே தொழிற்சங்க இயக்கத்தின் உள்ளிருந்தவராதலின், அரசியல் உணர்வு பாத்திரத்தின் மீது வெளியிலிருந்து ஒட்டப்பட்டதாகத் தோன்றவில்லை. தொழிலாளியின் எழுச்சியைக் கடைசி அத்தியாயத்திற் படித்த இளைஞன் ஒருவனின் சொற்பொழிவாக மாற்றிவிடும் முற்போக்கு நாவல்கள் பலவற்றுக்கு இது ஒரு பாடமாகும். நாவல் முழுதும் ஊமையாக இருந்த தொழிலாளி, இறுதியிற் பிறர் பேசக் கேட்டு விழிப்படைவதாக எழுதும் உத்தி, பார்வைக்குப் புரட்சிகரமானது. அடிப்படையில் அது கங்காணி மனப்பாங்கேயாகும். முன்னே நடப்பவன் ஒருவன் இல்லாமல் தொழிலாளி நடக்கமாட்டான் என்பதே அதன் உட்கிடை.

வரலாறு அதற்கு மாறாகவே உள்ளது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் நடைபெற்ற கூலிப் போராட்டத்தின்போது பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டிற்குப் பலியான கோவிந்தன் தோட்டத் தொழிலாளி. 1977 மே மாதம் டெவன் தோட்டத்திற் சுடப்பட்டு இறந்த சிவனு லெட்சுமணனும் தொழிலாளியே. தலைவர்களின் உரைகள் நூல்களாகியுள்ளன. இவர்களின் பெயர்கள் பாட்டிலும் நினைவிலுமே பெரும்பாலும் வாழ்கின்றன.

6

எழுபதுகள் மலையக வாழ்விற் கொடிய காலம். 1972 ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும் அதன் 1975 ஆம் ஆண்டுத் திருத்தமும் தோட்டங்களை அரசுடைமையாக்கின. அந்நிய மூலதனத்தை வெளியேற்றிய அந்நடவடிக்கையை முற்போக்குலகம் வரவேற்றது, வரவேற்றிருக்கவும் வேண்டும். ஆனால், அதே ஆண்டுகளிலேதான் தோட்டங்களிற் பட்டினி தாண்டவமாடிற்று. 1973 - 74 காலப்பகுதியில் மாவும் அரிசியும் கிடைக்காது, வேலைநாட்கள் குறைந்து, லயங்களிற் சாவு பெருகியது. உயிர் பிழைத்தோர் பலர் வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளுக்குச் சென்று காடு வெட்டினர். அல்லது நகரங்களிற் கையேந்தினர். பெருந்தோட்டக் கைத்தொழில் அமைச்சு அன்று ஓர் இடதுசாரித் தலைவரின் பொறுப்பிலேயே இருந்தது.

உடைமை அரசின் கைக்கு மாறினும் உழைப்பவன் அவ்வரசின் பிரசையல்லன் எனின், ‘மக்களுடைமை’ என்பதில் அவன் எந்த மக்கள்? அன்றைய கட்சி ஆவணங்கள் இவ்வினாவை எழுப்பியதைவிடக் கூர்மையாக நாவல்கள் எழுப்பின. ‘மூட்டத்தினுள்ளே’ அப்பசியின் காலத்தை எழுதிற்று. ‘குருதிமலை’, தோட்டக் காணியைத் துண்டாடிப் பிரித்தெடுக்க முனைந்த அரசியற் சக்திகளுக்கு எதிராகத் தொழிலாளர் ஒன்றுதிரண்டதை எழுதிற்று. நுவரெலியா மாவட்டத்தில் 7000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிரிக்க எடுத்த முயற்சியை எதிர்த்த போராட்டத்திலேயே சிவனு லெட்சுமணன் உயிரிழந்தார். அந்த ஆண்டுகளின் வெப்பம் ஆறுமுன் எழுந்த நாவல் ‘குருதிமலை’ என்பதை மறத்தலாகாது.

இத்தகைய நாவலொன்றின் முன்னுள்ள மிகக் கடினமான பணி யாது? காணி கேட்டு வரும் சிங்களக் கிராமத்தவனை எவ்வாறு சித்திரிப்பது என்பதே. அவனது காணிப்பசி பொய்யன்று. 1840 இலிருந்து அவன் மூதாதையர் இழந்தது மெய். அவனைப் பகைவனாகவே வரைவது இனவாதத்தின் மறுபக்கமாகும். அவனை அப்பாவியாக மட்டும் வரைந்து, பழியனைத்தையும் ஓரிரு தூண்டிவிடுவோரின் மீது சுமத்துவது எளிய தீர்வாகும். இரு நிலமின்மைகளுக்கும் வேர் ஒன்று என்பதைக் கதை நிகழ்ச்சிகளின் ஊடாகவே வாசகன் உணரும்படி செய்வது மூன்றாவது வழி. மலையக நாவல் பொதுவாக இரண்டாவது வழிவரை வந்து நின்றுவிட்டது என்றே கூறல் வேண்டும். தொழிலாளியின் லயத்தை உள்ளும் புறமும் அறிந்த எழுத்தாளர்களுக்கு, எல்லைக்கு அப்பாலுள்ள கிராமத்தவனின் வீட்டு முற்றம் வரையே செல்ல முடிந்தது. சிங்கள நாவலாசிரியர்கள் லயத்தின் வாசல்வரை வந்தவிடத்தும் நிலைமை இதுவாகவே இருந்தது. இரு மொழிகளிலும் எழுதப்படாத அந்த நாவல், இந்நாட்டு இடதுசாரி இயக்கம் கட்டத் தவறிய ஒற்றுமையின் இலக்கிய வடிவமாகும். இயக்கத்தில் இல்லாததை இலக்கியம் தனியே உருவாக்கிவிடும் என எதிர்பார்ப்பதும் பொருந்தாது.

7

மேலும் இரு குறைபாடுகளைச் சுட்டாதுவிடின் இந்நோக்கு ஒருதலைப்பட்சமாகும்.

முதலாவது, பெண் தொழிலாளி பற்றியது. கொழுந்து எடுப்போர் மிகப் பெரும்பாலும் பெண்களே. விடியுமுன் எழுந்து, அடுப்பு மூட்டி, குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, மலைக்குச் சென்று, அந்திக்கு மீண்டு, மறுபடியும் அடுப்பின் முன் நிற்பவள் அவள். ஆலையில் அரைபடும் தேயிலைக்கும் லயத்தில் உயிர்வாழும் குடும்பத்துக்கும் அவளது இரட்டை உழைப்பே அடிப்படை. நாவல்களில் அவள் துன்பப்படுகிறாள், காதலிக்கப்படுகிறாள், அதிகாரிகளால் அவமதிக்கப்படுகிறாள். ஆனால், சங்கக் கூட்டத்தில் அவள் பேசுவதை நாம் அரிதாகவே கேட்கிறோம். மீனாட்சியம்மையார் மேடையேறிய மண்ணில் இது நாணத்தக்க பின்னடைவாகும். தொழிற்சங்கத் தலைமையில் இருந்த ஆண் ஆதிக்கம் நாவலின் தலைமைப் பாத்திரத்திலும் படிந்தது எனலாம்.

இரண்டாவது, சாதி பற்றியது. கங்காணி முறை சாதியைத் தோட்டத்துக்குள் அப்படியே கொண்டுவந்து சேர்த்தது. பெரிய கங்காணிமார் தம் சாதி மேன்மையையும் கடன் வலையையும் ஒன்றாகவே பயன்படுத்தினர். லயங்களை ஒதுக்கியதில்கூட இவ்வேறுபாடு செயற்பட்டது. தோட்டத் தொழிலாளர் அனைவரும் ஒரே வர்க்கத்தவர் என்னும் சரியான கூற்றை, அவர்களிடையே சாதி இல்லை என்னும் தவறான கூற்றாக நமது எழுத்தாளர் சிலர் புரிந்துகொண்டனர். வடபுலத்திற் சாதியை இவ்வளவு கூர்மையாக எழுதிய முற்போக்கு இலக்கியம், மலையகத்தில் அதனைப் பெரும்பாலும் ஓரத்தில் வைத்தது. வர்க்க ஒற்றுமை பேசுவதனால் உருவாவதன்று. பிரிவுகளை ஒளியாது எதிர்கொள்வதனால் உருவாவது.

8

இன்று நிலைமை பல வகையில் மாறியுள்ளது. 1988 ஆம் ஆண்டுச் சட்டமும் 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டமும் நாடற்ற நிலைக்குச் சட்டமளவில் முடிவு கட்டின. இடைப்பட்ட காலத்திற் புகையிரதத்திலும் கப்பலிலும் ஏற்றப்பட்டுத் தாம் கண்டிராத ஊர்களுக்கு ‘திரும்பியவர்’ இலட்சக்கணக்கினர். அவர்களை ஏற்றிச்சென்ற வண்டியை மலையக மக்கள் அழுகைக் கோச்சி என்றனர். 1992 இல் தோட்ட முகாமை மீண்டும் தனியார் கம்பனிகளின் கைக்குச் சென்றது. நாட்கூலி 1000 ரூபா என்னும் கோரிக்கை பல ஆண்டுகள் நீடித்து, 2021 இலேயே வர்த்தமானி மூலம் சட்டவலுப் பெற்றது. 2014 ஒக்டோபர் 29 ஆந் திகதி மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பாதுகாப்பற்ற இடமென அறிந்தும் அங்கேயே வாழ்ந்தமைக்குக் காரணம் அறியாமையன்று. வேறு இடம் தமதென்று இல்லாமையே. 2023 இல் இம்மக்களின் இருநூறு ஆண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபவனி நிகழ்ந்தது. மூதாதையர் கூலிகளாய் நடந்த வழியைப் பேரப்பிள்ளைகள் உரிமை கேட்டு நடந்தனர். அவர்களது கோரிக்கைகளுள் முதன்மையானவற்றுள் ஒன்று காணியுரிமை. ஏழு பேர்ச் காணிக்கான உறுதி என்பது, இருநூறு ஆண்டு உழைப்பின் முன் எத்துணைச் சிறியது! அதுவும் எல்லோரையும் எட்டவில்லை.

இந்நிலையில், ‘மண்வாசனை’ என்னும் சொல்லை நாம் கைவிட வேண்டுமா? வேண்டியதில்லை. அதன் பொருளைத் திருத்திக்கொள்ள வேண்டும். நிலத்தின் தோற்றத்தையும் பேச்சின் ஒலியையும் பதிவுசெய்வதை மட்டும் அது குறிக்குமாயின், சுற்றுலாக் கையேட்டுக்கும் நாவலுக்கும் வேறுபாடு இல்லாதொழியும். நிலத்துக்கும் அதில் உழைப்பவனுக்கும் இடையிலுள்ள உறவை, அவ்வுறவு எவரால் எவ்வாறு மறுக்கப்பட்டது என்பதை உணர்த்தும்போதே அச்சொல் திறனாய்வுச் சொல்லாகும். இவ்வளவில், மலையக எழுத்து ஈழத்து இலக்கியத்தின் ஒரு பிரதேசக் கிளை மட்டுமன்று. பிரதேச இலக்கியம் என்னும் கருத்தையே சோதித்துப் பார்க்கும் உரைகல்லாகும்.

பல்கலைக்கழகங்களிலே மலையகத்து மாணவர் தொகை முன்னரினும் பெருகியுள்ளது. லயத்தில் விளக்கொளியிற் படித்துவந்த அவர்களிற் சிலர் இச்சஞ்சிகையையும் வாசிப்பர். பெண் தொழிலாளியின் குரலில் எழுதப்படும் நாவலும், சாதியை ஒளிக்காத நாவலும், எல்லைக்கு அப்பாலுள்ள சிங்கள முற்றத்துக்குள்ளும் நுழையும் நாவலும் அவர்களிடமிருந்து வருதல் கூடும். அவை வரும்போது, அவற்றை ‘மண்வாசனை மிக்கவை’ என்று ஒற்றை வரியிற் பாராட்டி அனுப்பிவிடாத திறனாய்வாளராக நாம் இருத்தல் வேண்டும். அம்மண்ணின் உறுதி யார் பெயரில் உள்ளது என்று அவை கேட்கும். அந்த வினாவுக்கு நாமும் விடை கூறக் கடமைப்பட்டவர்களே.